மூன்று நாள் குறைந்த வருஷம்

ஆமோஸ் லார்ட்டர் செத்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. பாரவண்டிச் சக்கரம் அவன் மேல் ஏறிவிட்டது. அதைக் கிளற எனக்கே மனசு வரவில்லை.

அவன் விட்டுப் போனது மனைவி திர்சாவை, ஏழு வயசு கெசியாவை, நாலு வயசு ஏபெலை. கூடவே ஒரு கேள்வியையும் விட்டுப் போனான். இந்த மூன்று பேரும் எந்த ஊர்க்காரர்கள்?

இதென்ன கேள்வி என்பீர்கள். திர்சா பிறந்தது பிரெக்கத்தில். நடக்கக் கற்றதும் நாலு வார்த்தை பேசக் கற்றதும் பிரெக்கத்தில். பெற்றவர்கள் இரண்டு பேரும் பிரெக்கம் சர்ச் சுவரோரம்தான் படுத்திருக்கிறார்கள். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! விரலில் மோதிரம் ஏறின நிமிஷத்திலிருந்து பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர். ஆமோஸ் பிறந்தது டன்ஃப்ளீட்டில். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம், இரண்டு நாள் வண்டிப் பாதை. அந்த ஊரின் கோபுரத்தைக்கூட திர்சா பார்த்தது கிடையாது. அங்கே அவளுக்குத் தெரிந்த ஒரு நாயும் இல்லை.

புருஷன் இருக்கும்வரை யாரும் கேட்கவில்லை. அவன் போய், ஊர்ப் பொதுவிலிருந்து வாரம் இரண்டு ரொட்டி கேட்டாள் பாருங்கள், அப்போது கேட்டார்கள்.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கல்யாணமாகாத வேலைக்காரன் ஒருத்தன் ஒரே எஜமானிடம் ஒரு வருஷம் முழுசாக வேலை செய்திருந்தால், அந்த ஊர்ப் பாத்தியதை அவனுக்கு வந்துவிடும். பின்னால் வரும் பெண்டாட்டி பிள்ளைக்கும் சேர்த்துத்தான். ஆமோஸ் அப்படித்தான் பிரெக்கத்தில் இருந்த கிரிம்வுட் பண்ணைக்கு வண்டியோட்ட வந்தான். செப்டம்பர் கடைசியில் வருகிற மிக்கேல் திருநாளில் சேர்ந்து, அடுத்த மிக்கேல் திருநாள் வரைக்கும் பேச்சு. எஜமான் கிரிம்வுட் போன மார்கழிக் குளிரில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆமென்று சொல்லவும் இல்லையென்று மறுக்கவும் திர்சாவைத் தவிர ஆளில்லை.

அந்த விசாரணைதான் இன்றைக்கு.

ஊரே புல்லறுப்பில் இருந்தது. திர்சா வாசலில் நின்று கெசியாவிடம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தபோது ரூபனின் வண்டி வந்து நின்றது.

ரூபன் அவளுடைய அக்கா டோர்க்கஸின் புருஷன். ஏழை எளியவர்களைக் கவனிக்கிற பொறுப்பு பிரெக்கத்தில் விவசாயிகள் தலையில் முறை வைத்து விழும். இந்த வருஷம் அவன் முறை. யாருக்கு ரொட்டி கொடுப்பது, யாரை வண்டியிலேற்றி ஊரைவிட்டு அனுப்புவது எல்லாம் அவன் பாடு. சொந்த மச்சினியையே விசாரணைக்குக் கூட்டிப் போகும்படி ஆயிற்று, பாவம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். இனிப்பாக நாலு வார்த்தை பேச வராத மனுஷன் அவன்.

“திர்சா, காதைக் குடுத்துக் கேளு. ஆமோஸ் கிரிம்வுட் பண்ணையில எவ்வளவு நாள் இருந்தான்னு கேப்பாங்க. ஒரு வருஷம்னு சொல்லு. அதோட வாயை மூடிக்கோ.”

“அதுக்கு மேல சொல்ல என்ன அத்தான் இருக்கு?”

“என்ன இருக்குன்னு எனக்குத் தெரியவே வேணாம். நான் பொறுப்புல இருக்கறவன், தெரிஞ்சா சொல்லித் தொலைக்கணும். உன் வாய் ஊரறிஞ்ச வாய். இன்னிக்கு ஒரு நாள் அதுக்குப் பூட்டுப் போடு.”

“நான் வாயாடின்னு இந்தக் காலங்காத்தால சொல்லணுமாக்கும்.”

“ஆமா, சொல்லணும்.”

ஏபெல் வந்து அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். கெசியா அவன் கைவிரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். பிறகு அம்மாவை ஏறிட்டுப் பார்த்து, “கெட்டிக்காரத்தனமா பேசிட்டு வாம்மா,” என்றாள். பெரிய மனுஷி!

வண்டியில் டோர்க்கஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். தன்னுடைய கறுப்புத் தொப்பியை மடியில் வைத்திருந்தாள். தங்கை ஏறியதும் அதை அவள் தலையில் வைத்து, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டிவிட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், மடி நிறையவில்லை. அதனாலேயே திர்சாவைத் தங்கையாக மட்டும் நினைக்காமல் பிள்ளையாகவும் நினைக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். திர்சாவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

சக்கரம் போட்ட சத்தத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த ரூபனுக்குப் பின்னால் பேசுவது எதுவும் கேட்காது. டோர்க்கஸ் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் சொல்றதைக் கேட்டு மரமாட்டம் நிக்காதடி. வாலர் துரை இளகின மனசுக்காரர். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர். நீ மனசு விட்டுப் பேசு. ஆமோஸ் எப்படிப்பட்டவன், உன்ன எப்படி வச்சிருந்தான், எல்லாம் சொல்லு. உருகிடுவார்.”

“அத்தான் ஒத்த வார்த்தைக்கு மேல பேசாதங்கறாரே அக்கா?”

“ஆம்பளைங்களுக்கு எல்லாமே ஒத்த வார்த்தைதான். விடு.”

சந்தையூரில் விசாரணை நடக்கிற இடம் ‘வெள்ளை மான்’ விடுதியின் மாடி அறை. கீழே பீர் வாடை, மேலே மை வாடை. நீள மேஜைக்குப் பின்னால் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள். ஒருவர் வாலர் துரை. இன்னொருவர் கால்வலிக்கு ஸ்டூல் போட்டுக் காலைத் தூக்கி வைத்திருந்த கர்னல். ஓரத்தில் ஒரு குமாஸ்தா. ரூபனும் டோர்க்கஸும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

திர்சா பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். 

“உக்காருங்கம்மா,” என்றார் வாலர். ஆமோஸ் செத்த பிறகு அவளைப் பார்த்து ‘உட்கார்’ என்று சொன்ன முதல் அதிகாரி அவர்தான். அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“உங்க வீட்டுக்காரர் கிரிம்வுட் பண்ணையில எவ்வளவு காலம் வேலை பாத்தார்?”

“ஒரு வருஷம் ஐயா.”

“முழுசா?”

“மிக்கேல் திருநாளுக்குச் சேந்தார் ஐயா. ஒரு வருஷம்.”

குமாஸ்தா எழுதிக்கொண்டான். ரூபன் பெஞ்சில் மூச்சு விட்டது திர்சாவுக்குக் கேட்டது. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கர்னல்கூட அடுத்த காகிதத்துக்குக் கை நீட்டிவிட்டார்.

வாலர் துரைதான் விடவில்லை. கெட்ட எண்ணத்தில் இல்லை, நல்ல மனசில்தான். நல்ல மனசால் கெட்ட குடும்பங்களை எண்ணினால் விரல் போதாது என்பது என் அபிப்பிராயம்.

“சின்ன வயசும்மா உங்களுக்கு. அவர் எப்படி, நல்ல மனுஷனா?”

ஐந்து மாதத்தில் இதை ஒருத்தர் கேட்கவில்லை. ஆமோஸ் என்ன வைத்துவிட்டுப் போனான் என்று கேட்டார்கள், குடிசையை எப்போது காலி செய்வாய் என்று கேட்டார்கள். அவன் எப்படிப்பட்டவன் என்று கேட்க ஒரு நாதி இல்லை. திர்சா பூட்டி வைத்ததெல்லாம் திறந்துகொண்டது.

“தங்கம் ஐயா! ஒரு நாள் கை ஓங்கினதில்ல. அவர் பேசுற லட்சணம் இருக்கே, சதுப்பு நாட்டுப் பேச்சு, எங்க ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க. எங்களுக்குக் கல்யாணப் பேச்சு முடிஞ்சதே அந்தக் கிரிம்வுட் ஐயா புண்ணியத்துலதான். திருநாளுக்கு மூணு நாள் இருக்கறப்பவே அவரைக் கூப்பிட்டு, ‘ஆமோஸ், நல்லா உழைச்சடா. உன் வேலை முடிஞ்சுது, பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு, திருநாளைச் சந்தோஷமா கொண்டாடு’ன்னு கூலியைக் குடுத்து, ஒரு வாத்தும் குடுத்து அனுப்பி வச்சார். அந்த வாத்தைத் தூக்கிக்கிட்டு நேரா எங்க வீட்டு வாசல்லதான் வந்து நின்னார். மூணு நாளும் எங்கூடத்தான். மூணாம் நாள், ‘கட்டிக்கிறியா’ன்னு கேட்டார். அப்படி ஒரு எஜமான் யாருக்கு ஐயா கிடைப்பாங்க?”

குமாஸ்தாவின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

கிரிம்வுட்டின் தாராளத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தத் தாராளம் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரிடமும் உண்டு. ஆள் வருஷத்தை முடித்துவிட்டால் ஊர்ப் பாத்தியதை வந்துவிடும், நாளைக்கு அவன் குடும்பம் ஊர் தலையில் விழும். அதனால் இரண்டு நாளோ நாலு நாளோ மிச்சமிருக்கும்போதே முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கையில் ஒரு வாத்து, இல்லாவிட்டால் ஒரு ஜாடி பீர். பையனும் எஜமானை வாழ்த்திக்கொண்டே போவான். ஏழெட்டு வருஷம் கழித்து அவன் பெண்டாட்டியும் பைபிள் மேல் கை வைத்து வாழ்த்துவாள். அடக் கொடுமையே!

வாலர் துரையின் முகம் வாடிவிட்டது. அவரும் பார்த்தார், எப்படியாவது அவளை மேலே இழுக்க முடியுமா என்று.

“இதைக் கவனமா சொல்லுங்கம்மா. அது லீவா? லீவு குடுத்துட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாரா? இல்ல, வேலையே முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது ஐயா. பெட்டியோடதான் வந்தார்,” என்றாள் திர்சா. இன்னும் முகத்தில் அந்தப் பழைய சந்தோஷம் இருந்தது. அப்போதுதான் தற்செயலாகப் பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். ரூபன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

திர்சா எழுந்து நின்றாள்.

“ஐயா… மூணு நாள்தானே ஐயா?”

“மூணு நாள் குறைஞ்சா அது வருஷம் இல்லம்மா,” என்றார் வாலர் மெதுவாக.

“இல்ல ஐயா, எனக்கு ஞாபகம் சரியா இல்ல. அவர் திரும்பப் போயிருப்பார். போனார் ஐயா, குதிரைக்குத் தீனி வைக்க…”

“ஏம்மா,” என்றார் கர்னல், “கொஞ்சம் முன்னாடி கை வச்சியே, அது பைபிள்தானே? இப்ப சொல்லு. போனானா?”

திர்சா வாயைத் திறந்தாள். மூன்று நாளும் பொழுது விடிந்து பொழுது போகும்வரை ஆமோஸ் அவள் பக்கத்திலேயே இருந்தான். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நிச்சயமாக அவளுக்குத் தெரிந்தது வேறொன்றில்லை.

“போகல ஐயா,” என்றாள்.

அவ்வளவுதான். உத்தரவு எழுதக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. குமாஸ்தா எழுந்து நின்று வாசித்தான். திர்சா லார்ட்டர், விதவை. மகன் ஏபெல், வயது நாலு. பிரெக்கத்தில் பாத்தியதை இல்லாதவர்கள். வியாழக்கிழமை காலை டன்ஃப்ளீட்டுக்கு ஏற்றி அனுப்பப்பட வேண்டியவர்கள்.

மற்றதெல்லாம் காதில் விழவில்லை. அந்தப் பெயர்கள் மட்டும் விழுந்தன.

“ஐயா, ஒண்ணு விட்டுப்போச்சு. எனக்கு ஒரு பொண்ணும் இருக்கா. கெசியா.”

“விட்டுப்போகல,” என்றான் குமாஸ்தா. “சர்ச் புத்தகத்துல பாத்தாச்சு. அந்தப் பொண்ணுக்கு ஞானஸ்நானம் ஆனது உன் பேர்ல. உனக்குக் கல்யாணம் ஆனது அதுக்கு அஞ்சு வாரம் கழிச்சு.”

அது ஊரறிந்த விஷயம். குடிசை ஒன்று காலியாகிற வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள், அதற்குள் கெசியா வந்துவிட்டாள். பிரெக்கத்தில் பாதிப் பேர் தலைச்சன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள். பாதிரியாரே சிரித்துக்கொண்டுதான் இரண்டையும் எழுதினார்.

“அதனால என்ன ஐயா? அவளுக்கு அப்பா ஆமோஸ்தான். கெசியா எம்பொண்ணு.”

“அப்பன் ஊர் அவளுக்கு ஒட்டாது. கல்யாணத்துக்கு முன்னாடி பொறந்த பிள்ளைக்குப் பொறந்த ஊர்தான். அவ பிரெக்கத்துக்காரி,” என்றான் குமாஸ்தா. “ஏழு வயசுக்குள்ள இருந்தா தாயோட போகலாம். போன மாசம் இருபதாம் தேதியோட ஏழு முடிஞ்சுடுச்சு.”

“மூணு வாரம் ஐயா! மூணு வாரந்தான் ஆச்சு!”

“இந்த வழக்கு மே மாசமே வந்திருக்க வேண்டியது. அன்னிக்கே வந்திருந்தா பிரச்சினை இல்ல. நீ காய்ச்சல்ல கிடக்கறேன்னு சொல்லித்தானே தள்ளி வச்சோம்?”

“காய்ச்சலா? யாருக்கு?” என்றாள் திர்சா.

ரூபன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். அவன் திர்சாவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான்.

“எந்திரிக்கவே முடியலன்னு சொன்னியே டோர்க்கஸ்? நான் அதைத்தானே இங்க வந்து சொன்னேன்?”

டோர்க்கஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன.

வாலர் துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “பொண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. உங்க அக்காவே வளர்த்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. இப்படி ஒரு அக்கா அமையறது பெரிய விஷயம்.”

மாடிப்படி எப்படி இறங்கினாள், வண்டியில் எப்படி ஏறினாள் என்று திர்சாவைக் கேட்டால் சொல்லத் தெரியாது. உத்தரவுக் காகிதத்தை ரூபன் மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டான். நிறைவேற்ற வேண்டியவன் அவன்தானே.

ஒரு மைல் தாண்டி, பாலம் வந்ததும் ரூபன் குதிரையை நிறுத்தினான். கடிவாளத்தைப் பெண்டாட்டியின் மடியில் போட்டான்.

“ஓட்டிக்கிட்டுப் போ.”

“நீங்க?”

“எனக்கு டவுன்ல வேலை இருக்கு.”

“என்ன வேலை? புல்லு காயுது, மழை வர்றாப்புல இருக்கு… ஏங்க!”

அவன் இறங்கி, வந்த வழியே நடந்தான். உத்தரவுக் காகிதம் இருந்த கோட்டை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தான். டோர்க்கஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை.

பிறகு அக்காவும் தங்கையும் மட்டும்.

“திர்சா, நான் சொல்றதக் கேளுடி. அந்த ஊர்ல ரெண்டை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணுவ? ஏழைகள் விடுதியில போட்டுப் பழைய கயித்துல நார் பிரிக்க விடுவாங்க. ஒண்ணாவது வயிறார சாப்பிட்டு வளரட்டும்னுதான்…”

“இதை மே மாசமே என்கிட்ட கேட்டிருக்கலாமே அக்கா.”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்,” என்றாள் டோர்க்கஸ். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஓட்டினாள்.

திர்சாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை. தலையில் கட்டியிருந்த அக்காவின் தொப்பியை அவிழ்க்கப் பார்த்தாள். நாடா முடிச்சு இறுகிக்கொண்டது. விட்டுவிட்டாள். அவள் மனசு திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் போய் நின்றது. அந்த மூன்று நாளைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருந்தால் ஊர் மிஞ்சியிருக்கும். அந்த மூன்று நாள் இல்லாமலே போயிருந்தால் கெசியாவே இருந்திருக்க மாட்டாள். எதை வேண்டாமென்று நினைப்பது? ஆமோஸ்மீது கோபப்படலாமென்றால் அவன் சர்ச் சுவரோரம் மண்ணுக்குள் இருந்தான். வியாழனுக்குப் பிறகு அந்த மண்ணையும் பார்க்க முடியாது.

வண்டி ஊர் முனை திரும்பியதும் கெசியா கண்ணில் பட்டாள். வேலிக் கதவில் ஏறி உட்கார்ந்து அம்மா வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. குதித்து ஓடி வந்தாள். தலையெல்லாம் காய்ந்த புல். ஏபெல் அவளுக்குப் பின்னால் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தான்.

வண்டி நிற்கும்முன்பே திர்சா இறங்கிவிட்டாள்.

“அம்மா! என்ன சொன்னாங்க? நாம போறோமா, இருக்கோமா?”

திர்சா மகளின் தலையிலிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்தாள். எடுக்க இன்னும் நிறைய இருந்தது. அக்கா வண்டியில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“சொல்லேம்மா!”

“நீ இருக்கே கண்ணு,” என்றாள் திர்சா. “நீ இங்கதான் இருக்கப்போறே.”

இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே கெசியா கையை உதறிக்கொண்டு திரும்பி ஓடிவிட்டாள். பாதையில் நின்ற தம்பியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

“ஏபெல்! நாம இருக்கோம்டா! நாம எங்கயும் போகல!”

ஏபெலுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா சுற்றுகிறாளே என்று அவனும் கையை விரித்துக்கொண்டு கத்திச் சிரித்தான்.